தெர்மல் கேமராவுல புள்ளி நிக்குதா? சர்வீசுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் சூட்டைப் படமா காட்டுற தெர்மல் கேமரா வச்சிருக்கறவங்க மூணு வகை. டீ ஃபேக்டரி எலக்ட்ரீஷியனுங்க பேனல் போர்டு, மோட்டார் பேரிங் சூடு பாக்க துப்பாக்கி மாதிரி கைப்பிடி வச்சது வாங்கியிருப்பாங்க. எஸ்டேட், ஹோம்ஸ்டே ஆளுங்க ராத்திரி கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி வாசல்ல கரடி நிக்குதா காட்டுமாடு நிக்குதான்னு பாக்க ஒத்தைக்கண் மோனோகுலர் வச்சிருப்பாங்க. மூணாவது வகை, யானை வர்ற வழியில போஸ்ட்ல மாட்டி வச்ச கேமரா, 2024ல மதுக்கரை ரயில் பாதையில தெர்மல் கேமரா வச்சு யானையைக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு வந்தப்புறம் இதைப் பத்தி விசாரிக்கிற எஸ்டேட்டும் கூடிப்போச்சு. மூணு பேர்கிட்ட இருந்தும் வர்ற கம்ப்ளைன்ட் ஒண்ணுதான்: "அண்ணா, பிக்சல் செத்துப்போச்சு, எவ்வளவு ஆகும்?"

செக் பண்ணிப் பாத்தா பெரும்பாலும் பிக்சல் நல்லாத்தான் இருக்கும். பனியா இருக்கும், ஈரமா இருக்கும், பிக்சலையெல்லாம் ஒரே அளவுக்குச் சமன் பண்ற கேலிப்ரேஷன் தப்பா ஓடியிருக்கும், இல்ல டிஸ்ப்ளேல தூசியா இருக்கும். நிஜமாவே செத்திருந்தாலும் ஒரு பிக்சலுக்காக சென்சாரை மாத்த வேண்டியதில்லை, பக்கத்து பிக்சல வச்சு மறைச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம். புது கேமராவுலயே அப்படி மறைச்ச பிக்சல் நிறைய இருக்கும், சென்சார் டேட்டாஷீட்ல 99.5 சதவீதம் வேலை செஞ்சா போதும்ங்கற மாதிரிதான் போட்டிருப்பான், 384க்கு 288 சென்சார்ல மீதி அரை சதவீதம்னா ஐநூத்துச் சொச்சம் பிக்சல். ஃபேக்டரியிலயே அதை மறைச்சு அனுப்புறதால நமக்குத் தெரியறதில்லை, அவ்வளவுதான்.

## எந்த சிம்ப்டமா இருந்தாலும் முதல்ல இது

கேமராவை ஆன் பண்ணி பத்து பதினஞ்சு நிமிஷம் சும்மா விடுங்க. ஆன் பண்ணின புதுசுல சென்சார் சூடு ஏறிக்கிட்டே இருக்கும், அப்ப தெரியுற புள்ளியில பாதி தானா மறைஞ்சுடும். ஜனவரி விடியக்காலையில காந்தல், தலைக்குந்தா பக்கம் புல்லு வெள்ளையா உறைஞ்சு கிடக்கற நேரத்துல வெளிய எடுத்தீங்கன்னா இன்னும் கொஞ்சம் கூடவே விடணும்.

பேட்டரி ஃபுல்லா இருக்கணும். லித்தியம் பேட்டரி குளிர்ல சீக்கிரம் இறங்கும், சில கேமராவுல சார்ஜ் தாழ்ந்தாலே படம் பொரபொரன்னு ஆயிடும்.

லென்ஸ் கேப்பை மூடி கேலிப்ரேஷனை ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க. மெனுவுல கேலிப்ரேஷன்னு இருக்கும், இல்லைன்னா என்யூசி, எஃப்எஃப்சின்னு இருக்கும், மூணும் ஒரே வேலைதான். உள்ள ஷட்டர் டிக்குன்னு விழும், படம் ஒரு செகண்ட் நின்னு திரும்ப ஓடும்.

அப்புறம் கேப் மூடினபடியே ஒரு போட்டோ எடுத்து போனுக்கு மாத்தி வைங்க. பூரா சாம்பல் கலர்ல ஒண்ணுமில்லாத போட்டோதான், ஆனா புள்ளி புதுசா பழசா, கூடுதா குறையுதான்னு பிற்பாடு சண்டை வரும்போது கையில இருக்கற ஒரே சாட்சி அதுதான். புது கேமரா வாங்கினா முதல் நாளே இந்தப் போட்டோவை எடுத்து வச்சுக்கங்க.

## சிம்ப்டம் 1: ஒரே ஒரு புள்ளி, எங்க திருப்பினாலும் அதே இடத்துல நிக்குது

புள்ளி சென்சார்ல இருக்கா டிஸ்ப்ளேல இருக்கான்னு பிரிக்கறதுதான் முதல் வேலை. நேரா சென்சார் போச்சுன்னு முடிவு கட்டிடறாங்க, அங்கதான் காசு போகுது.

கலர் மாத்திப் பாருங்க. வொயிட் ஹாட்ல (சூடானது வெள்ளையா தெரியறது) இருந்து பிளாக் ஹாட்டுக்கு (சூடானது கருப்பா தெரியறது) மாத்துங்க. வெள்ளைப் புள்ளி கருப்பா மாறினா சென்சார் பக்கம். எந்த மோடுக்கு மாத்தினாலும் கருப்பு கருப்பாவே நின்னா டிஸ்ப்ளே பக்கம்.

டிஜிட்டல் ஜூம் போடுங்க. ஜூம் பண்ணப் பண்ண புள்ளியும் சேர்ந்து பெருசாகி கட்டமா தெரிஞ்சா, இல்ல திரையை விட்டே ஓரமா ஓடிப்போனா, சென்சார். கடுகளவு அப்படியே அசையாம நின்னா டிஸ்ப்ளே.

போட்டோவைப் பாருங்க. கேமராவுல எடுத்த படத்தை போன்ல திறங்க. போன்லயும் புள்ளி இருந்தா சென்சார், போன்ல சுத்தமா இருந்தா டிஸ்ப்ளே. இந்த ஒரு டெஸ்டே போதும்தான், ஆனா ரெக்கார்டிங் இல்லாத பழைய மாடல் இருக்கறதால மேல ரெண்டையும் சொன்னேன்.

### டிஸ்ப்ளே பக்கம்னு வந்தா

மோனோகுலரா இருந்தா கண்ணு வைக்கிற இடத்துல, அதாவது ஐபீஸ்ல, இருக்கற டயாப்டர் ரிங்கை மெனு எழுத்தைப் பாத்துக்கிட்டே திருப்புங்க. எழுத்து மங்கும்போது புள்ளியும் கூடவே மங்கினா அது டிஸ்ப்ளே மேலயே இருக்கற தூசி, இல்ல டிஸ்ப்ளே பிக்சல். எழுத்து மங்கின நேரம் பாத்து புள்ளி தெளிவானா, இல்ல ரிங்கோட சேர்ந்து சுத்தினா, அது ஐபீஸ் கண்ணாடியில ஒட்டின தூசி, ப்ளோயரால ஊதி மைக்ரோஃபைபர் துணியால துடைச்சா போயிடும். டிஸ்ப்ளே மேல உள்பக்கம் விழுந்த தூசின்னா தொந்தரவு இல்லாத வரைக்கும் விட்டுடுங்க. அதுக்காக ஐபீஸைக் கழட்டினா வாட்டர் சீல் போச்சு, நம்ம ஊர்ல ஒரு மழை சீசன் தாங்காது.

பேனல் பாக்கற கேமராவுல எல்சிடிதான் இருக்கும், அதுல டிஸ்ப்ளே புள்ளி விழுந்தா அளவுக்கு ஒண்ணும் ஆகாது, ரிப்போர்ட்ல போற போட்டோவும் சுத்தமா இருக்கும். இதுக்கெல்லாம் செலவு பண்ணாதீங்க.

### சென்சார் பக்கம்னு வந்தா

கேப் மூடி கேலிப்ரேஷன் ஓட்டியும் புள்ளி போகலைன்னா பிக்சல் கரெக்ஷன் மெனுவுக்குப் போங்க. ஹிக்மைக்ரோவுல டிபிசின்னு இருக்கும், பல்சர்ல பிக்சல் ரிப்பேர்னு இருக்கும், மத்ததுலயும் இதே மாதிரி ஏதோ ஒரு பேர்ல செட்டிங்ஸ்க்குள்ள ஆழமா எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். முறை எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்:

1. கேமரா நல்லா சூடேறின பிறகுதான் ஆரம்பிக்கணும். லென்ஸ் கேப்பை மூடுங்க, கேலிப்ரேஷன் ஒரு தடவை ஓட்டுங்க.
2. மெனுவுக்குள்ள போனா ஒரு கூட்டல்குறி கர்சரும் அந்த இடத்தைப் பெருசாக்கிக் காட்டுற சின்ன கட்டமும் வரும்.
3. பட்டனால கர்சரை நகர்த்தி புள்ளி மேல சரியா உக்கார வைங்க. அவசரப்படாதீங்க, கடைசி ரெண்டு மூணு பிக்சலுக்கு ஒவ்வொரு தட்டா தட்டணும், குளிர்ல விரல் மரத்துப்போய் அழுத்திப் பிடிச்சா கர்சர் கோட்டைத் தாண்டி ஓடிடும்.
4. ஓகே கொடுத்தா புள்ளி மறையும். சேவ் பண்ணிட்டு வெளிய வாங்க. சேவ் கொடுக்காம வெளிய வந்தா சில மாடல்ல செஞ்சதெல்லாம் போயிடும்.
5. கேப்பைத் திறந்து, சூடா ஒண்ணு குளிரா ஒண்ணு பாருங்க, கைவிரலும் ஜன்னல் கம்பியும் போதும்.

தப்பான பிக்சல மறைச்சுட்டா பயப்படாதீங்க, பழைய நிலைக்குக் கொண்டுபோற ரீசெட் அதே மெனுவுல இருக்கும். ஆனா அது முன்னாடி நீங்க மறைச்ச எல்லாத்தையும் சேர்த்து அழிச்சுடும். ஃபேக்டரி ரீசெட், சில சமயம் ஃபர்ம்வேர் அப்டேட்கூட இதே வேலையைப் பண்ணிடும். "அப்டேட் போட்டதும் ஒரே ராத்திரியில நாலு பிக்சல் செத்துச்சு"ன்னு வர்றவங்க கதை இதுதான், எல்லாம் பழைய புள்ளிங்க, திரும்ப உக்காந்து மறைச்சா சரி.

மெனு இல்லாத கேமராவும் இருக்கு. பேனல் பாக்கற கேமராவுல பெரும்பாலும் யூசருக்கு இந்த வசதியைத் தர்றதில்லை, சர்வீஸ் சாஃப்ட்வேர் வழியாத்தான் பண்ணுவாங்க. போன்ல சொருகற குட்டி கேமரால முதல்ல ஆப்பை அப்டேட் பண்ணுங்க, அன்இன்ஸ்டால் பண்ணி திரும்பப் போடுங்க, அதுக்கப்புறம் மத்தது.

### மறைக்கலாமா கூடாதா

யானை, கரடி பாக்கற கேமரான்னா கண்ணை மூடிக்கிட்டு மறைங்க. 12 மைக்ரான் பிக்சல், 35 மில்லிமீட்டர் லென்ஸ் வச்சுக்கிட்டா ஒரு கிலோமீட்டர் தூரத்துல ஒரு பிக்சல் பாக்கறது 34 சென்டிமீட்டர் அகலம், நூறு மீட்டர்ல மூணரை சென்டிமீட்டர் கூட இல்லை. காட்டுமாடு அதுல ஒளியாது.

பேனல் பாக்கற கேமரால யோசிக்கணும். 160க்கு 120 சென்சார், சுமார் 50 டிகிரி அகலம் பாக்கற லென்ஸ்னா ஒரு மீட்டர் தள்ளி நின்னு பாக்கும்போது ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். ஒரு சின்ன டெர்மினல் ஸ்க்ரூ ஒரு பிக்சல்ல அடங்கிடும். அந்த இடம் மறைச்ச இடமா இருந்தா லூஸ் கனெக்ஷன் சூடு உங்க கண்ணுக்கு வராமலே போகலாம். நடுப்பகுதியில மறைச்ச பிக்சல் இருந்தா ஒவ்வொரு ஃபேஸையும் ரெண்டு கோணத்துல எடுக்கற பழக்கம் வச்சுக்கங்க, நடு கர்சருக்குப் பக்கத்துலயே கும்பலா இருந்தா சர்வீசுக்கு அனுப்புங்க, அதுல பேரம் வேணாம்.

## சிம்ப்டம் 2: ஹாட் ஸ்பாட் மார்க்கர் எப்பவும் ஒரே மூலைக்கு ஓடுது

இதை ஃபேக்டரிக்காரங்க கொஞ்சம் கவனமா படிங்க, ஏன்னா இதுல கேமரா செலவை விட ஃபேக்டரி நின்ன செலவு பெருசு. மேக்ஸ் டெம்பரேச்சரைத் தானா தேடிப்பிடிக்கிற அந்தச் சிவப்பு முக்கோணம், ஒரு பிக்சல் சூடா சிக்கிக்கிட்டு நின்னா அதையேதான் திரும்பத் திரும்பக் காட்டும். படத்துல புள்ளி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதா இருக்கும், நம்பர் மட்டும் 90க்கு மேல நிக்கும். கட்டபெட்டு பக்கம் ஒரு ஃபேக்டரியில டிரையர் பேனல்ல ஒரு கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்) கொதிக்குதுன்னு சீசன் நேரத்துல டிரையரை நிறுத்திட்டாங்க, உள்ள வாடின இலை ரோலருக்குப் போக வழியில்லாம வாட வைக்கிற ட்ரஃப்ல கிடக்குது, எலக்ட்ரீஷியன் தம்பி கான்டாக்டரைக் கழட்டி கையில வச்சுக்கிட்டு நிக்கறாரு, அது ஜில்லுன்னு இருக்கு. கேமராவை வெறும் சுவத்துக்குத் திருப்பினா சுவரும் அதே மூலையில 96 டிகிரி.

செக்: சந்தேகம் வந்தா கேமராவைத் தலைகீழா பிடிச்சு அதே இடத்தைப் பாருங்க. மார்க்கர் பொருளோட சேர்ந்து திரையில எதிர்ப்பக்கம் போனா நிஜமான சூடு. திரையில அதே மூலையிலயே நின்னா பிக்சல்.

மார்க்கர் பொருளோட போகுது, ஆனா நீங்க நகர்ந்தா அதுவும் நகருதா? அப்ப அது பளபளன்னு இருக்கற காப்பர் பஸ்பார்ல தெரியுற உங்க மூஞ்சி, இல்ல பின்னாடி இருக்கற ஃபர்னஸ் கதவு. பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் காட்டாது, எதிர்ல இருக்கறதைக் கண்ணாடி மாதிரி காட்டும். ஷட் டவுன் கிடைக்கும்போது அந்த இடத்துல கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி வச்சுட்டு, எமிசிவிட்டி (பொருள் தன் சூட்டை எந்த அளவு வெளிய விடுதுங்கற செட்டிங்) 0.95 வச்சு டேப்பைப் பாருங்க. ஓடுற பேனல்ல கையை விட்டு டேப் ஒட்டப் போகாதீங்க.

பிக்சல்தான்னு முடிவாச்சுன்னா: சர்வீஸ்ல மறைச்சுக் கொடுக்கற வரைக்கும் முழுத்திரை மேக்ஸை ஆஃப் பண்ணிட்டு, ஏரியா பாக்ஸ் போட்டு அந்த மூலை உள்ள வராம வச்சுக்கங்க. அந்தப் பிக்சல் இருக்கற ரிப்போர்ட்டை இன்சூரன்ஸ்காரருக்கோ ஆடிட்டுக்கோ அனுப்பாதீங்க.

## சிம்ப்டம் 3: பனி இறங்கினதும் படம் பூரா பொடிப்புள்ளி, நெட்டுக்குத்தலா மெல்லிசு கோடு

இது நம்ம மலை ஸ்பெஷல். ஜூன், ஜூலையில தேவாலா, பந்தலூர் பக்கத்துல இருந்து வரும், அக்டோபர் தாண்டினா குன்னூர், கோத்தகிரியில இருந்து வரும். நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாயிருந்துச்சு, இன்னிக்கு சென்சாரே அரிச்சுப்போச்சுன்னு சொல்லுவாங்க.

பிக்சலுக்கு ஒண்ணும் ஆகலை. அடர்ந்த மூடுபனியில எதிர்ல இருக்கற மரம், மண்ணு, வானம் எல்லாம் ஒரே சூட்டுல இருக்கற மாதிரிதான் கேமராவுக்குத் தெரியும், வித்தியாசமே இல்லாத இடத்துல கேமரா வலிஞ்சு வித்தியாசம் தேடும்போது தன்னோட சொந்த அழுக்கையே பெருசாக்கிக் காட்டும். தெர்மல் பனியை ஊடுருவிப் பாக்கும்னு விக்கறவங்க சொல்றதுல லேசான பனிக்கு ஏதோ உண்மை இருக்கு, நம்ம ஊர்ல அடுத்த வீட்டு லைட்டே தெரியாத பனிக்கு இல்லை.

செக்: கையை லென்ஸ் முன்னாடி ஒரு முழம் தள்ளி நீட்டுங்க. கை பளிச்சுன்னு வந்து பின்னாடி இருந்த பொடியெல்லாம் அடங்கினா கேமரா ஆரோக்கியம்.

அடங்கலைன்னா: கேலிப்ரேஷன் ஆட்டோவுல இருக்கா பாருங்க. ஷட்டர் சத்தத்துக்கு மிருகம் மிரளும்னு மேனுவல்ல போட்டுட்டு மறந்திருப்பீங்க, அப்ப பொடி சேர்ந்துக்கிட்டேதான் போகும். அப்புறம் இமேஜ் மோடு. ஃபாரஸ்ட், ராக் அப்படின்னு எதுவோ இருக்கும், சாதா மோடுக்கு வாங்க. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ் மூணையும் குறைங்க, பனியில கான்ட்ராஸ்டை ஏத்தினா இன்னும் மோசமாத்தான் ஆகும்.

ஜன்னலுக்கு உள்ள இருந்து பாக்கறீங்களா? கண்ணாடியைத் திறந்துட்டுப் பாருங்க. சாதாக் கண்ணாடி தெர்மலுக்குச் சுவர்தான், ஜீப் கண்ணாடி வழியா பாத்துட்டு கேமரா அவுட்டுன்னு சொல்லாதீங்க.

இதுல எதுலயும் சர்வீஸ் சென்டருக்கு வேலை இல்லை. வெயில் வந்த பிறகும் கை டெஸ்ட்ல பொடி அடங்கலைன்னா மட்டும் சிம்ப்டம் 6 பாருங்க.

## சிம்ப்டம் 4: ஓரம் தெளிவில்லாத கறை, மங்கலான வட்டம்

செத்த பிக்சல் எப்பவும் கூர்மையா கட்டமா இருக்கும். மங்கலா, ஓரம் கரைஞ்ச மாதிரி இருந்தா அது பிக்சல் இல்லை, பிக்சலுக்கு முன்னாடி எதுவோ இருக்கு.

லென்ஸ் வெளிப்பக்கம். தண்ணித் துளி, கைரேகை, போஸ்ட் கேமரான்னா சிலந்தி. தண்ணி ஒரு மெல்லிசு படலமா இருந்தாலே தெர்மலை மறைச்சுடும். முதல்ல ப்ளோயர், அப்புறம் லென்ஸ் டிஷ்யூல ரெண்டு சொட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹால், நடுவுல இருந்து வெளிய பாத்து ஒரே சுத்து. ஜெர்மானியம் லென்ஸ் மேல இருக்கற கோட்டிங் விலை உயர்ந்தது, சட்டை முனை, டர்க்கி டவல், தின்னர் எல்லாம் வேணாம். முக்கியமா நீலகிரி தைலம் வேணாம். வீட்டுக்கு ஒரு பாட்டில் இருக்கறதால இதையும் ஊத்தித் துடைச்சுட்டு வர்றாங்க, ஸ்டிக்கர் பசை எடுக்கறதுக்கு அதை மிஞ்ச ஆளில்லை, லென்ஸ்ல ஊத்தினா எண்ணெய்ப் படலமா நின்னு மொத்தப் படமும் மங்கும்.

உள்பக்கம் வேர்த்திருக்கா. வெளிய குளிர்ல இருந்துட்டு அடுப்பு எரியுற ரூமுக்குள்ள, இல்ல டிரையர் ரூமுக்குள்ள நேரா கொண்டுபோனா வேர்க்கும். வெளியிலயே ஜிப் கவர்ல போட்டு காத்தை எடுத்து மூடி, கவரோட உள்ள கொண்டுவந்து அரை மணி நேரமாவது கழிச்சுத் திறங்க, ஈரம் கவர் மேல நிக்கும், கேமரா மேல நிக்காது. ஏற்கனவே உள்ள வேர்த்துடுச்சுன்னா பேட்டரியைக் கழட்டி, பேட்டரி மூடி, யுஎஸ்பி மூடி ரெண்டையும் திறந்து, காத்துப் போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் நிறையப் போட்டு ரெண்டு நாள் வைங்க. அரிசிக்குள்ள புதைக்காதீங்க, மாவுத்தூசி யுஎஸ்பி ஓட்டைக்குள்ள போய் உக்காந்துக்கும். ஹீட்டர் பக்கத்துலயும் வைக்காதீங்க.

காஞ்ச பிறகும் ஒவ்வொரு குளிருக்கும் திரும்பத் திரும்ப வேர்த்தா சீல் போயிருக்கு. உள்ள நைட்ரஜன் நிரப்பி திரும்ப சீல் வைக்கணும், அது வீட்டுல ஆகற வேலை இல்லை.

நூல் நூலா சிலந்திவலை மாதிரி. போட்டோவுல தெரியாம கண்ணு வச்சுப் பாத்தா மட்டும் தெரிஞ்சா ஐபீஸ் கண்ணாடியில பூஞ்சை. மழை சீசன் முழுக்க தோல் பைக்குள்ள மூடி வச்ச கேமராவுல வரும். வெளிப்பக்கம்னா ஆல்கஹால்ல துடைச்சா போகும், உள்பக்கம்னா சர்வீஸ்.

எதைத் துடைச்சாலும் அசையாத, போட்டோவுலயும் இருக்கற கறை. லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல, சென்சார் ஜன்னல் மேல துகள் விழுந்திருக்கு. லென்ஸ் மாத்தற வசதி இருக்கற கேமராவுல அடிக்கடி வரும். கேப் மூடி கேலிப்ரேஷன் போட்டா ஓரளவு மறையும். மறையலைன்னா துடைக்க உள்ள கை விடாம சர்வீசுக்குக் கொடுங்க, அந்த ஜன்னலைக் கீறினா சென்சாரையே மாத்த வேண்டியதுதான்.

## சிம்ப்டம் 5: பழைய காட்சியோட நிழல் ஒட்டிக்கிட்டு நிக்குது, இல்ல வளைஞ்ச கோடு ஒண்ணு

முன்னாடி பாத்த மரமோ கூரையோ எதிர்க்கலர்ல ஆவி மாதிரி நின்னா: மேனுவல் கேலிப்ரேஷன்ல கேப் மூடாம பட்டனை அமுக்கியிருக்கீங்க. கேமரா அந்த மரத்தையே வெறும் சுவர்னு நினைச்சுக் கழிச்சுடுச்சு. கேப்பை மூடி திரும்ப கேலிப்ரேட் பண்ணுங்க, போயிடும்.

போகலை, கோடு மாதிரி, வில்லு மாதிரி இருக்கு: சூரியன் பட்டிருக்கு. போஸ்ட் கேமராவை கிழக்கையோ மேற்கையோ பாத்து மாட்டினா சூரியன் போற பாதையே சென்சார்ல சூடு போட்ட தழும்பா நிக்கும். கையில வச்சிருக்கறதை ஆன்ல விட்டு, கேப் இல்லாம திண்ணையில வச்சாலும் இதே கதி. லேசா பட்டதுன்னா நாள்கணக்குல, சில சமயம் வாரக்கணக்குல மெதுவா மங்கும், தினமும் ஆன் பண்ணி கேப் மூடி கேலிப்ரேஷன் ஓட்டிக்கிட்டே இருங்க. அது வரைக்கும் அந்தக் கோட்டை பிக்சல் கரெக்ஷன்ல ஒண்ணொண்ணா மறைக்கப் போகாதீங்க, தானா ஆறக்கூடியதை மறைச்சு வச்சா எது ஆறிச்சு எது ஆறலைன்னு தெரியாம போயிடும். ஒரு மாசத்துக்கு மேல மாறாம நின்னா அது ஆறாது. போஸ்ட் கேமரான்னா திருப்பி மாட்டுங்க, இல்ல மேல நிழல் தகடு வைங்க, இல்லைன்னா புது சென்சாருக்கும் அதே தழும்பு வரும்.

லேசர் பட்டாலும் இப்படித்தான். எஸ்எஸ் பிளேட் வெட்டற, மரத்துல எழுத்து பொறிக்கற லேசர் மெஷினை தெர்மல்ல வேடிக்கை பாக்காதீங்க, அதுல கார்பன் டைஆக்சைடு லேசர் வகை தர்ற வெளிச்சம் சரியா இந்த சென்சார் பாக்கற அலைவரிசையிலயே இருக்கு. பட்ட பிக்சல் பட்டதுதான்.

## சிம்ப்டம் 6: புள்ளி விட்டு விட்டு மின்னுது, இல்ல வாரத்துக்கு வாரம் கூடுது

மின்னுற பிக்சல் கொஞ்ச நேரம் ஒழுங்கா இருந்துட்டு திடீர்னு துள்ளும். கேப் மூடின போட்டோ ஒண்ணு போதாது, ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க. எங்க மின்னுதோ அதை மறைங்க, ஒண்ணு ரெண்டுன்னா விஷயமில்லை.

கூடுதான்னு தெரிய, ஆரம்பத்துல எடுத்து வைக்கச் சொன்ன அந்த சாம்பல் போட்டோவோட ஒப்பிடுங்க. ஒப்பிடும்போது ரெண்டுமே சூடேறின பிறகு எடுத்ததா இருக்கணும், மேட்டுப்பாளையத்துல மத்தியானம் எடுத்ததையும் ஊட்டியில விடியக்காலம் எடுத்ததையும் வச்சு ஒப்பிட்டா எல்லாமே மாறித்தான் தெரியும்.

- தனித்தனியா அங்கங்க புதுசா வந்தா: மறைங்க, தேதி போட்டு குறிச்சு வைங்க.
- ஒரே இடத்துல ஒட்டி ஒட்டி, கும்பல் பெருசாகிட்டே போனா: மறைக்கறதுல பிரயோஜனம் இல்லை, பக்கத்துப் பிக்சலும் செத்திருந்தா எதை வச்சு நிரப்பும்? வாரண்டி இருக்கும்போதே அனுப்புங்க.
- மொத்தப் படமும் கொஞ்சம் கொஞ்சமா பொரபொரப்பு ஏறி, கேலிப்ரேஷனுக்கு அடங்கலைன்னா: சென்சார் பொட்டலத்துக்குள்ள இருக்கற வெற்றிடம் கசியுதுன்னு சந்தேகம். செலவான ரகம் இதுதான், சென்சார் மாத்தணும்.

## சிம்ப்டம் 7: ஒரு முழு வரிசை, மேலிருந்து கீழ வரைக்கும் கோடு

கேலிப்ரேஷன் போட்டதும் போச்சுன்னா விட்டுடுங்க. லேசாத் தட்டினா, இல்ல கேமராவைச் சாய்ச்சா கோடு வந்து வந்து போச்சுன்னா உள்ள ரிப்பன் கேபிள் லூஸ், ஜீப்ல எஸ்டேட் ரோட்டுல குலுங்கிக்கிட்டு போற கேமராவுக்கு இது வரும், சர்வீஸ்ல சின்ன வேலைதான். தட்டினாலும் சாய்ச்சாலும் அசையாம நிக்கற கோடுன்னா சென்சார் சிப்புலயே பழுது. பிக்சல் மெனுவுல ஒரு வரிசையையே மறைக்கலாம்னு உக்காராதீங்க, பெரும்பாலான மெனுவுல அத்தனை எண்ணிக்கைக்கு இடமும் இருக்காது.

## சிம்ப்டம் 8: பாதிப் படம் இருட்டு, டிக் சத்தம் வரலை

ஷட்டர் சிக்கியிருக்கு. குளிர்லயும் ஈரத்துலயும் சின்ன இலை மாதிரி இருக்கற அந்தத் தகடு ஒட்டிக்கும். சூடான ரூம்ல ஆஃப் பண்ணி வச்சு, அப்புறம் ஆன் பண்ணி ஆறேழு தடவை கேலிப்ரேஷன் அமுக்கிப் பாருங்க. விட்டா சரி. விடலைன்னா மேனுவல் மோடுல கேப்பை வச்சு சமாளிக்கலாம், ஆனா தகடு படத்தை மறைச்சுக்கிட்டே நின்னா அதுவும் நடக்காது. தரையில தட்டாதீங்க.

## சர்வீசுக்கு அனுப்பறதுன்னு ஆச்சுன்னா

சென்சார் மாத்தறதுன்னா கேமரா விலையில பெரும்பங்கு போயிடும். 160க்கு 120 சின்ன கேமராவுக்கு அதைப் பண்றதை விட புதுசு வாங்கறது மேல், 640 சென்சார் இருக்கற பெருசுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்க. எழுத்துல எஸ்டிமேட் வாங்காம திறக்கச் சொல்லாதீங்க.

கூடவே அனுப்ப வேண்டியது: கேப் மூடின போட்டோ பழசும் புதுசும், மின்னுற வீடியோ, ஃபர்ம்வேர் நம்பர், ஏற்கனவே நீங்க மறைச்ச பிக்சல் எத்தனை, எந்தப் பக்கம். கழட்டற பேட்டரியா இருந்தா எடுத்து வீட்டுல வச்சுட்டு அனுப்புங்க. மழைக்காலத்துல கொரியர் பை காட் ரோட்டுல நனையறது சகஜம், ஜிப் கவர், உள்ள சிலிக்கா ஜெல், அப்புறம்தான் பெட்டி.

திரும்பி வந்ததும் முதல்ல கேப் போட்டோ. பேனல் கேமரான்னா டெம்பரேச்சர் சரியா காட்டுதான்னும் பாக்கணும், சென்சார் பக்கம் கை வச்சாலே அளவு மாறியிருக்கலாம். நொறுக்கின ஐஸும் தண்ணியும் கலந்து நல்லா கலக்கிப் பாருங்க, பூஜ்யம் பக்கம் வரணும். சூட்டுக்கு, தண்ணி கொதிக்கற பாத்திரத்தோட வெளிப்பக்கம், தண்ணி மட்டத்துக்குக் கீழ, கருப்பு டேப் ஒட்டி அதைப் பாருங்க, ஆவி வழியா பாக்கக்கூடாது. ஊட்டியில 100 காட்டலைன்னு திரும்ப கொரியர் போட்டுடாதீங்க. 2240 மீட்டர் உயரத்துல தண்ணி 92, 93லயே கொதிச்சுடும், குன்னூர்ல 94. டேப் வெளிப்பக்கம் இருக்கறதால அதை விட ஒண்ணு ரெண்டு குறைச்சுக் காட்டினாலும் கேமரா சரியாத்தான் இருக்கு.